சீனத்து மூலக் களிம்பும் 'ஆதாரம்' என்ற சொல்லும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். விஷயமும் கொஞ்சம் கூச்சமானது. மூலம், ஆசனவாய் வெடிப்பு, பவுத்திரம் என்று பெயர் சொல்லவே நாம் தயங்கும் நோய்களைப் பற்றியது. "டீச்சர் போய் இதையெல்லாம் எழுதலாமா" என்று யாராவது நினைத்தால், அறுபது வயதைத் தாண்டிவிட்ட நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு மூக்கு ஒழுகியபோது துடைத்துவிட்டவள் நான். என்னிடம் என்ன வெட்கம்?

கடந்த சில மாதங்களாக எனக்கு வரும் செய்திகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "டீச்சர், சீனாவில் மூலத்துக்கு ஒரு பாரம்பரியக் களிம்பு இருக்கிறதாமே, நானூறு வருஷத்து மருந்தாமே, வாங்கலாமா?" சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் அங்கே சீன மருந்துக் கடையில் பார்த்திருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் செல்பேசியில் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது 'மாயிங்லோங்' என்ற பெயரில் வரும் கஸ்தூரிக் களிம்பைப் பற்றித்தான்.

நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் ஒரு விடை சரியா, எப்படிச் சரி, எந்தப் படி விட்டுப்போயிற்று என்று பார்ப்பதுதான் முப்பது வருஷத்துக்கு மேலாக என் தொழில். அந்தப் பழக்கத்தோடு இதைப் படித்துப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் களிம்பு விஷமும் இல்லை, அமுதமும் இல்லை. எரிச்சலுக்குக் கொஞ்சம் இதம் தரலாம். ஆனால் அது மூலத்தைக் குணப்படுத்துகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியம், நமக்கு ஆபத்து களிம்பில் இல்லை. களிம்பை வாங்கி யாருக்கும் தெரியாமல் பூசிக்கொண்டு, ரத்தம் வருவதை மறைப்பதில் இருக்கிறது.

முதலில் அந்த 'நானூறு வருஷம்' கணக்கைப் பார்ப்போம். அந்த நிறுவனம் தன் தொடக்கத்தை 1582 என்று சொல்கிறது. சீனாவில் மிங் வம்ச ஆட்சி நடந்த காலம். ஹெபெய் மாநிலத்தில் டிங்சோ என்ற ஊரில் தொடங்கியது. அப்போது அவர்கள் விற்றது மூலத்துக்கு மருந்து இல்லை, கண் மருந்து! எட்டு விலையுயர்ந்த பொருள்கள் சேர்ந்தது என்று பொருள்படும் பெயரில் அந்தக் கண் மருந்து பிரபலமாக இருந்தது. பின்னாளில் வூஹான் நகரத்தில் அந்தத் தொழில் வளர்ந்தது. கண்ணுக்கு வாங்கிய களிம்பைச் சிலர் மூலத்துக்கும் பூசிப் பார்த்திருக்கிறார்கள். இதமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கவனித்துத்தான் 1980களில் மூலக் களிம்பு என்று தனியாகத் தயாரித்தார்கள். 2004இல் அந்த நிறுவனம் ஷாங்காய் பங்குச்சந்தைக்கே போய்விட்டது.

ஆக, நானூறு வருஷம் என்பது கடையின் வயது. நீங்கள் வாங்கும் களிம்பின் வயது சுமார் நாற்பது. என் மாணவர்களில் பலர் அதைவிட மூத்தவர்கள். பாட்டி வைத்த பெயரைப் பேரனுக்கு வைத்தால் பேரனுக்குப் பாட்டியின் வயது வந்துவிடுமா?

அடுத்து, 'மூலிகை மருந்து' என்ற சொல். அந்தக் களிம்பில் இருக்கும் பொருள்கள் ஏழு. கஸ்தூரி, கோரோசனை, முத்து, சுட்டு நீற்றிய காலமைன், வெங்காரம், போர்னியோல், அம்பர் என்னும் பழங்காலத்து மரப்பிசின். இவற்றைப் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற பிசுக்கான அடிப்பொருளில் குழைக்கிறார்கள். கஸ்தூரி மானைக் கொன்றுதான் அந்தக் காலத்தில் கஸ்தூரி எடுத்தார்கள். மான் இனமே அருகிவிட்டதால் இப்போது செயற்கைக் கஸ்தூரி. மாட்டின் பித்தக்கல்லான கோரோசனையும் செயற்கைதான். காலமைன் துத்தநாகத் தாது. வெங்காரம் நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் உப்பு. போர்னியோல் நம் பச்சைக் கற்பூரத்தின் சாரம். பட்டியலில் இலை எங்கே, வேர் எங்கே என்று தேடிப் பாருங்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். காலமைனைச் சுட்டால் கிடைப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு. ஆங்கில மருந்துக் கடையில் விற்கும் பல மூலக் களிம்புகளிலும், குழந்தைக்கு அரையிடுக்கில் பூசும் களிம்பிலும் இருப்பது அதுதான். ஈரத்தை உறிஞ்சி, எரிச்சல்பட்ட தோலுக்கு மேல் ஒரு மறைப்பாக நிற்கும். பெட்ரோலியம் ஜெல்லி உராய்வைக் குறைக்கும். போர்னியோல் சில்லென்று இருக்கும். இந்த மூன்றுமே போதும், பூசியவுடன் "அப்பாடா" என்று சொல்வதற்கு. அப்படியானால் கஸ்தூரியும் கோரோசனையும் முத்தும் என்ன வேலை செய்கின்றன? விலை அவற்றின் பெயரில் வருகிறது. பலனும் அவற்றால் வருகிறதா? இதுதான் சரியான கேள்வி. இதற்கு விடை வேண்டுமென்றால், அந்த மூன்றும் இல்லாத அதே களிம்பைச் சிலருக்கும், அவை சேர்ந்த களிம்பைச் சிலருக்கும் கொடுத்து ஒப்பிட வேண்டும்.

"டீச்சர், எனக்கே சரியாயிற்று. அதைவிடவா ஆதாரம் வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு வகுப்பறையிலிருந்து ஒரு கணக்குச் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை நாற்பது பேருக்குச் சொல்வதெழுதல் வைக்கிறோம். மிகக் குறைவாக வாங்கிய பத்துப் பேரைத் தனியே கூப்பிட்டு ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுக்கிறோம். அடுத்த திங்கள் மறுபடியும் சொல்வதெழுதல். அந்தப் பத்துப் பேரில் பெரும்பாலோர் முன்பைவிடக் கூடுதலாக வாங்கியிருப்பார்கள். கடலைமிட்டாய் எழுத்துப்பிழையைக் குறைத்துவிட்டதா? இல்லை. அன்று ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்தி படிக்காமல் வந்திருந்தாள், ஒருவன் பக்கத்துப் பையனோடு சண்டை. மோசமான நாளில் பிடித்தால், அடுத்த நாள் தானாகவே கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும்.

மூலமும் அப்படித்தான். அது ஏறி இறங்கும் நோய். கல்யாண வீட்டுச் சாப்பாடு, நீண்ட பஸ் பயணம், தண்ணீர் குடிக்காத கோடை என்று ஏதோ ஒன்றில் ஏறும். பல பேருக்கு ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே இறங்கும். நாம் எப்போது களிம்பைத் தேடுகிறோம்? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே! அந்த இறக்கத்தின் பெருமையைக் கையில் இருந்த டியூப் தட்டிக்கொண்டு போகிறது. இணையத்தில் ஆயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பதும் இதே கதைதான். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மூலக் களிம்பைக் கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்குப் பூசி, அதற்கும் நட்சத்திரம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நட்சத்திரம் எண்ணிக்கைதான், ஆதாரம் ஆகாது.

எனவே ஒப்பீடு வேண்டும். ஏ பிரிவுக்கு ஒரு மருந்து, பி பிரிவுக்கு இன்னொன்று. யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். மருத்துவர் தன் விருப்பப்படி பிரிக்கக் கூடாது. நோய் லேசாக இருப்பவரைத் தன் மருந்துக்குச் சேர்த்துக்கொள்ளும் ஆசை மனித இயல்பு. பூசிக்கொள்பவருக்கும், முடிவைப் பார்ப்பவருக்கும் எது எந்த மருந்து என்று தெரியக் கூடாது. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி எண் போடுகிறோமே, அதே நியாயம்தான். கஸ்தூரியும் கற்பூரமும் மணக்கும் களிம்பில் இப்படி மறைப்பது சுலபம் இல்லை. மணம் தெரிந்தாலே "இது உண்மையான மருந்து" என்று மனது சொல்லிவிடும். மருந்து இல்லாத களிம்பிலும் அதே மணம் வரும்படி செய்தால்தான் சோதனை நேர்மையாக இருக்கும்.

சரி, அப்படிச் சோதனைகள் நடந்திருக்கின்றனவா? களிம்பை மட்டும் வைத்துப் பார்க்காமல், ரத்தம் வடியும் மூலத்துக்குச் சீனப் பாரம்பரிய மூலிகை மருந்துகள் பலவற்றையும் சேர்த்து ஒரு பெரிய தொகுப்பாய்வு இருக்கிறது. காக்ரேன் என்பது உலகம் முழுவதும் நடந்த மருத்துவச் சோதனைகளைத் திரட்டிச் சல்லடை போட்டுச் சலிக்கும் அமைப்பு. அது 2010இல் வெளியிட்டது. அதை எழுதியவர்களும் சீன மருத்துவர்களே. ஒன்பது சோதனைகள், மொத்தம் 1822 நோயாளிகள். முடிவு என்ன? சில மருந்துகள் ரத்தப்போக்கையும் வீக்கத்தையும் குறைப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் சோதனைகளின் தரம் குறைவாக இருப்பதால் உறுதியாகப் பரிந்துரைக்க முடியாது, இன்னும் நல்ல சோதனைகள் தேவை.

இதை இரண்டு விதமாகத் திரித்துப் படிக்கலாம். விற்பவர் "காக்ரேனே பலன் இருப்பதாகச் சொல்கிறது" என்பார். கேலி செய்பவர் "காக்ரேனே பொய் என்று சொல்லிவிட்டது" என்பார். இரண்டும் தவறு. விடைத்தாள் படிக்கமுடியாதபடி கிறுக்கலாக இருந்தால் பூஜ்யம் என்றும் போட முடியாது, நூறு என்றும் போட முடியாது. "தெளிவாக எழுதிக்கொண்டு வா" என்று திருப்பிக் கொடுப்போம். காக்ரேன் செய்தது அதைத்தான்.

தரம் குறைவு என்றால் எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். சீனத்து மருத்துவக் கட்டுரைகள் பலவற்றில் 'மொத்தப் பலன் விகிதம்' என்று ஒரு கணக்கு வரும். முழுக் குணம், நல்ல முன்னேற்றம், ஓரளவு முன்னேற்றம் மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் என்று வந்துவிடும். முப்பத்தைந்து மார்க் வாங்கியவனையும் நூறு வாங்கியவளையும் சேர்த்து "எங்கள் பள்ளியில் தொண்ணூற்றைந்து சதவீதம் தேர்ச்சி" என்று பலகை மாட்டுவது நமக்குப் புதிதா? பலகை பொய் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளை எவ்வளவு வாங்குவான் என்று அது சொல்லாது.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. சீன ஆராய்ச்சியாளர்களே ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் நாட்டு மருத்துவ இதழ்களில் "சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம்" என்று எழுதியிருந்த கட்டுரைகளை எடுத்து, அவற்றை எழுதியவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எப்படிக் குலுக்கினீர்கள்?" என்று கேட்டார்கள். 2235 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் பேசினார்கள். உண்மையிலேயே முறையாகக் குலுக்கிப் பிரித்தவை 207 மட்டுமே என்று தெரிந்தது. மற்றவர்களில் பலருக்குக் குலுக்குவது என்றால் என்னவென்றே சரியாகத் தெரியவில்லை. இதை 2009இல் அவர்களே உலகத்துக்கு முன்னால் வெளியிட்டார்கள். அதில் பாரம்பரிய மருந்துகளும் இருந்தன, ஆங்கில மருந்துகளும் இருந்தன. தன் வீட்டுக் குப்பையைத் தானே வெளியே கொண்டுவந்து காட்டும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. சீனாக்காரன் மருந்து என்றாலே ஏமாற்று என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பாரம்பரியத்திலிருந்து நல்ல மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. மலேரியாவுக்கான ஆர்டிமிசினின், சீனத்தின் பழைய மருத்துவ நூல் ஒன்றின் குறிப்பிலிருந்து தொடங்கியதுதான். து யூயூ என்ற அம்மையார் அதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் "பழைய நூலில் இருக்கிறது" என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. சாறு எடுத்தார், சூடு அதிகமானால் வீரியம் போகிறது என்று கண்டுபிடித்தார், விலங்குகளிடம் சோதித்தார், தாமே முதலில் உட்கொண்டு பார்த்தார், பிறகு நோயாளிகளிடம் சோதித்தார்.

மூலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. படிகாரமும் மாசிக்காயும் துவர்ப்பு. துவர்ப்பு சுருக்கும் என்பது நம் பாட்டிகளுக்கும் தெரியும், சீனத்துப் பாட்டிகளுக்கும் தெரியும். அந்தத் துவர்ப்புப் பொருள்களை அடிப்படையாக வைத்து, பெய்ஜிங்கில் 1970களில் 'ஷியாவ்ஜிலிங்' என்ற ஊசி மருந்து உருவாயிற்று. மூலக் கட்டிக்குள்ளேயே போட்டுச் சுருங்க வைப்பது. ஜப்பானியர்கள் அதை எடுத்து, சேர்மானத்தைச் சீர்செய்து, சோதித்து, 2005இலிருந்து தங்கள் மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். அதைப் போடுவதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும். யார் வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் இல்லை.

நம் நாட்டிலும் நடந்தது. பவுத்திரத்துக்கு 'க்ஷாரசூத்திரம்' என்று ஒரு நூல் வைத்தியம். கள்ளிப்பாலும் நாயுருவி உப்பும் மஞ்சளும் ஏற்றிய நூலைப் புண்ணின் வழியில் கோத்து, வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைப் பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1991இல் முடிவை வெளியிட்டது. அறுவையில் நான்கு வாரத்தில் ஆறிய புண், நூலில் எட்டு வாரம் எடுத்தது. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், திரும்ப வந்தது அறுவையில் 11 சதவீதம், நூலில் 4 சதவீதம். எவ்வளவு நேர்மையான விடை பாருங்கள்! இதில் தாமதம், அதில் நன்மை. இரண்டையும் சொல்லி, நோயாளியிடம் தேர்வை விட்டுவிடுகிறது. ஆதாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும். சீனக் களிம்பிடம் நான் கேட்பதும் இந்த அளவுதான். நம் துத்தி இலையிடமும் கருணைக்கிழங்கிடமும் இதே அளவைத்தான் கேட்பேன். அளவுகோல் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது.

இப்போது ஏன் இவ்வளவு எழுதினேன் என்ற காரணத்துக்கு வருகிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியை. பெயர் வேண்டாம், என்னிடம் அனுமதி கொடுத்துத்தான் சொல்லச் சொன்னார். மலத்தோடு ரத்தம் வந்திருக்கிறது. "மூலம்தான், பிள்ளை பெற்றதிலிருந்தே இருக்கிறது" என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஏதோ ஒரு களிம்பை யாரிடமோ சொல்லி வாங்கிப் பூசியிருக்கிறார். நான்கு நாள் நிற்கும், மறுபடி வரும். மறுபடி பூசுவார். கணவரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட எங்களிடமும் சொல்லவில்லை. பத்து மாதம். முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. "வெயில்" என்றார், "விரதம்" என்றார். ஒருநாள் காலை வழிபாட்டில் நின்றபடியே சரிந்து விழுந்தார். பரிசோதனையில் ரத்தம் பாதிக்கும் கீழே போயிருந்தது. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது மலக்குடலில் புற்றுநோய்.

இன்று உயிரோடு இருக்கிறார். வயிற்றில் பை கட்டிக்கொண்டு, பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறார். அந்தக் களிம்பு அவருக்கு நோயை உண்டாக்கவில்லை. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை எரிச்சல் தணிந்தபோதும், "சரியாகிவிட்டது" என்ற ஒரு பொய்யான நிம்மதியைக் கொடுத்தது. அந்த நிம்மதியின் விலை பத்து மாதம். மூலத்திலும் ரத்தம் வரும், வெடிப்பிலும் வரும், புற்றுநோயிலும் வரும். வெளியே நின்று பார்த்தால் மூன்றும் ஒரே சிவப்பு. களிம்பால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. விரலும் விளக்கும் வைத்துப் பார்க்கும் மருத்துவரால்தான் முடியும்.

"எனக்குக் கேடு செய்யாத இதமான களிம்பு, இதற்குப் போய் ஆதாரம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். பலன் இல்லாத மருந்தின் கேடு, அது செய்வதில் மட்டும் இல்லை. அது எதைச் செய்யவிடாமல் தடுக்கிறதோ, அதிலும் இருக்கிறது.

அதனால் ஒரு மருந்தை வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சீனக் களிம்புக்கு மட்டும் இல்லை, எந்த மருந்துக்கும்.

ஒன்று: எந்த நோய்க்கு? மூலமா, வெடிப்பா, பவுத்திரமா, வேறு ஏதாவதா என்று பார்த்துச் சொன்னது யார்? "நானே" என்பது விடையானால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு: எதோடு ஒப்பிட்டு? "90 சதவீதம் பேருக்குக் குணம்" என்றால், இந்த மருந்து இல்லாமல் எத்தனை பேருக்குக் குணமாகியிருக்கும் என்று கேளுங்கள். அந்த இரண்டாவது எண் இல்லாவிட்டால் முதல் எண்ணுக்குப் பொருள் இல்லை.

மூன்று: எவ்வளவு நாள் கழித்து? பூசிய நிமிஷத்துச் சில்லென்ற சுகமா, ஒரு வருஷம் கழித்தும் திரும்பி வராத குணமா?

சீனக் களிம்பு இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுகிறது. ஏற்கெனவே வெளியே தள்ளிக்கொண்டு கையால் உள்ளே தள்ளும் நிலையில் இருக்கும் மூலத்தை எந்த நாட்டுக் களிம்பும் உள்ளே இழுத்துக்கொள்ளாது. அதற்கு ரப்பர் வளையம் போடுவது முதல் அறுவை வரை வழிகள் இருக்கின்றன.

ஆதாரம் உள்ள வைத்தியம் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. அது மிக மலிவு என்பதால்தான் அதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை. நார்ச்சத்து! மூலத்துக்கு நார்ச்சத்து கொடுத்துப் பார்த்த ஏழு சோதனைகளை, 378 பேரை வைத்து நடந்தவற்றை, அதே காக்ரேன் அமைப்பு 2005இல் தொகுத்தது. ரத்தம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இசப்கோல் தவிட்டைத் தண்ணீரில் கலந்து குடிப்பதும், கீரையும் அவரையும் கொய்யாவும் தட்டில் சேர்ப்பதும், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிப்பதும்தான் அந்த வைத்தியம். இதோடு நான் சேர்த்துச் சொல்வது ஒன்று. கழிவறைக்குள் செல்பேசியைக் கொண்டுபோகாதீர்கள். அது படிப்பறை இல்லை. வேலை முடிந்தால் எழுந்து வாருங்கள். என் பதிவையும் அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டாம்!

சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே களிம்பு வாங்கி வைத்திருந்தால் தூக்கிப்போடுங்கள் என்று சொல்லமாட்டேன். மருத்துவர் பார்த்து "மூலம்தான், ஆரம்ப நிலைதான்" என்று சொன்ன பிறகு, அவரிடம் டியூபைக் காட்டிக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் பூசுங்கள். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் இரண்டாவது டியூப் வாங்காதீர்கள், இரண்டாவது முறை மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் தாமாகத் தொடவே கூடாது. கஸ்தூரியைக் கர்ப்பிணிகளுக்குத் தரக் கூடாது என்பது சீன மருத்துவத்தின் சொந்த எச்சரிக்கை. வெங்காரமும் புண்பட்ட தோல் வழியே உடம்புக்குள் போகக்கூடியது. கர்ப்ப காலத்தில்தான் நம் பெண்களுக்கு மூலம் அதிகம் வருகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரத்தத்தோடு கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்: எடை குறைவது, மலம் போகும் பழக்கம் வாரக்கணக்கில் மாறிப்போவது, மலம் தார்போலக் கறுப்பது, காரணமில்லாத சோர்வும் வெளுப்பும், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்த வரலாறு. வயது நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்தம் ஒருமுறை வந்தாலே காட்டிவிடுங்கள். "நான் சின்ன வயசு" என்றும் அலட்சியம் வேண்டாம். இந்த நோய் வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை.

கடைசியாக வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் அப்பாவிடமும் இதைப் பற்றி நீங்களாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். எங்கள் தலைமுறை பல்வலியைச் சொல்லும், முட்டிவலியைச் சொல்லும், இதைச் சொல்லாது. "ரத்தம் ஏதாவது போகிறதா அம்மா?" என்ற ஒரு வாக்கியம் போதும். கேட்கிற உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிட்டால் அவர்களுக்குப் பாரம் இறங்கிவிடும்.

கருத்து மாறுபாடு இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். சீன மருத்துவம் படித்தவர்கள் நம் பிள்ளைகளில் இருந்தால், நல்ல சோதனை ஒன்றைக் காட்டினால் மகிழ்ச்சியோடு படித்துப் பார்ப்பேன். பொதுவில் எழுதக் கூச்சப்படுபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். மருந்து சொல்லமாட்டேன். எந்த மருத்துவரிடம் போகலாம் என்று உங்கள் ஊரில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் விசாரித்துச் சொல்வேன். தனியாகப் போகப் பயமாக இருந்தால், பக்கத்து ஊர் என்றால் கூடவும் வருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்